குதிரையின் கருவிழியில் பழுப்பாக ஏதோ நிற்கிறது: நாமே எடுக்கலாமா?

வேலியோரம் மேய்ந்துவிட்டு வந்த குதிரை நேற்று மாலை முதல் இடது கண்ணை இடுக்கிக்கொண்டே நிற்கிறது, கண்ணீர் தாடை வரை வழிகிறது, இமையைப் பிரித்துப் பார்த்தால் கருவிழியில் பழுப்பாக ஒரு புள்ளி தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முள்ளோ உமியோ தெரியவில்லை, நாமே எடுத்துவிடலாமா, வீட்டில் இருக்கிற கண் சொட்டு மருந்தை விடலாமா என்பது உங்கள் கேள்வி.

எடுக்க வேண்டாம். அந்தச் சொட்டு மருந்தையும் விட வேண்டாம். இன்றைக்கே கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டிய கண் அது. நாளை காலை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இவ்வளவு கறாராகச் சொல்வதற்கு முதல் காரணம் அந்தப் பழுப்புப் புள்ளிதான்.

குதிரையின் கருவிழி, அதாவது கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கும் கார்னியா, பெரியது, பக்கவாட்டில் துருத்தி நிற்பது. ஆனால் நடுவில் அதன் கனம் 1 மி.மீ.கூடக் கிடையாது. முள் அதை முழுசாகத் துளைத்துவிட்டால் உள்ளே இருக்கும் நீர் பீறிட்டு வெளியேறும். அந்த வேகத்தில் பின்னால் இருக்கும், கண்ணுக்கு நிறம் தரும் ஐரிஸ் திரையும் இழுபட்டு வந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். குதிரையின் ஐரிஸ் பெரும்பாலும் அடர் பழுப்பு நிறம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மரப்பட்டைத் துணுக்கு ஒட்டியிருப்பதாகவே தோன்றும். அதை இடுக்கியால் பிடித்து இழுத்தால் கண்ணின் உள்ளுறுப்பையே பிய்க்கிறீர்கள். ரத்தம் கசியும், கண் சுருங்கிப்போகும், பார்வை அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. குதிரையின் கண் பாப்பா படுக்கைவாட்டில் நீள்வட்டமாக இருக்கும். ஐரிஸ் பிதுங்கியிருந்தால் அந்த நீள்வட்டம் கோணிப்போய், ஒரு முனை பழுப்புப் புள்ளியை நோக்கி இழுபட்டுக் கண்ணீர்த் துளி வடிவில் நிற்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் கருவிழிக்கும் ஐரிஸுக்கும் நடுவில் வழக்கமாகத் தெரியும் இடைவெளி குறைந்திருக்கும். கண்ணை விரலால் அமுக்கிச் சோதிப்பது மட்டும் ஆகவே ஆகாது. ஓட்டை இருக்கும் கண்ணை அமுக்கினால் மிச்சம் இருப்பதும் வெளியே வந்துவிடும்.

வேறு இரண்டு சங்கதிகளும் அந்நியப் பொருள் என்று தவறாக எண்ணப்படுகின்றன. கண் பாப்பாவின் மேல் விளிம்பில் கருப்புத் திராட்சைக் கொத்து போலச் சிறு உருண்டைகள் தொங்கும். அது எல்லாக் குதிரைக்கும் பிறவியிலேயே உள்ள இயல்பான அமைப்பு. மறு கண்ணிலும் அதே இருக்கிறதா என்று பாருங்கள், விடை கிடைத்துவிடும். இன்னொன்று கண்புழு. கருவிழிக்குப் பின்னால் உள்ள நீரில் வெள்ளை நூல் ஒன்று நெளிந்து நீந்தினால் அது மாட்டின் வயிற்றுக்குள் வாழும் செட்டேரியா வகைப் புழு. கொசு வழியாகக் குதிரைக்கு வந்து, வழி தவறிக் கண்ணுக்குள் நுழைந்துவிடுகிறது. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் லாயம் இருக்கும் இந்தியாவிலும் இலங்கையிலும் இது அபூர்வம் கிடையாது. அதற்குச் சிகிச்சையே வேறு: கருவிழி ஓரத்தில் சிறு துளையிட்டுப் புழுவை வெளியே எடுக்க வேண்டும். கழுவினாலோ சொட்டு மருந்து விட்டாலோ வராது.

வலியின் அளவைத் தெரிந்துகொள்ள இமையை இழுத்துத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. குதிரைக்கு நேர் எதிரே நின்று இரண்டு கண்களின் மேல் இமை மயிரையும் ஒப்பிடுங்கள். நல்ல கண்ணில் மயிர் கருவிழிக்குச் செங்குத்தாக, நேராக வெளியே நீண்டிருக்கும். வலிக்கிற கண்ணில் அது கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வு தினமும் பார்க்க வேண்டிய அடையாளம். சிகிச்சை தொடங்கிய பின் மயிர் மெல்ல நிமிர்ந்து வந்தால் கண் தேறுகிறது. நிமிர்ந்த மயிர் மறுபடி சாய்ந்தால், வெளியே எல்லாம் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஏதோ கெடுகிறது.

மருத்துவர் வரும் வரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குதிரையை வெயிலிலிருந்து இருட்டான லாயத்துக்குள் கொண்டுபோங்கள். வலிக்கும் கண்ணைத் தூணிலும் தன் முன்னங்காலிலும் தேய்க்கத்தான் அது முயலும். தேய்த்தால் மேலோட்டமாக நிற்கும் உமி ஒரே நிமிடத்தில் ஆழக் கீறிவிடும். அதனால் ஆள் ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நிற்க வேண்டும். புல்லைத் தரையில் போடுங்கள், முகத்துக்கு நேரே தொங்கும் வலையில் வைக்க வேண்டாம். தவிடு, கொள்ளு அரைத்த தூள் எதுவும் பக்கத்தில் பறக்கக் கூடாது. குச்சியோ முள்ளோ வெளியே நீட்டிக்கொண்டிருப்பது கண்ணுக்கே தெரிந்தால் அதைத் தொடாதீர்கள். ஓட்டையை இப்போது அடைத்து வைத்திருப்பது அதுதான். கண்ணின் மேல் துணிக் கட்டும் போடாதீர்கள். கட்டு நகர்ந்து குச்சியை உள்ளே தள்ளும்.

குத்தி நிற்பதாக எதுவும் தெரியாமல், தூசியும் வைக்கோல் துணுக்கும் மட்டும் விழுந்திருந்தால் கழுவலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் 0.9 சதவீத நார்மல் சலைன் பாட்டில் போதும். 20 மி.லி. சிரிஞ்சில் ஊசியைப் பொருத்தி, ஊசிக் கம்பியை அதன் அடியோடு முன்னும் பின்னும் வளைத்து முறித்து எடுத்துவிட்டு, மிஞ்சும் பிளாஸ்டிக் மூக்கின் வழியாகப் பீய்ச்சினால் மெல்லிய தாரை கிடைக்கும். முறிந்த இடத்தில் கூர் எதுவும் நீட்டவில்லை என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கண்ணருகே கொண்டுபோக வேண்டும். ஊசியோடு பீய்ச்சவே கூடாது, குதிரை தலையை ஒரு உதறு உதறினால் போதும். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், புகையிலைச் சாறு, உப்பை மென்று ஊதுவது ஆகிய எல்லாமே கண்ணைக் கெடுப்பவை. நல்ல எண்ணத்தில் செய்யப்படுகிறவைதான். ஆனால் வாயிலும் எண்ணெயிலும் இருக்கும் கிருமி நேராகப் புண்ணுக்குள் போகிறது.

இனி மருத்துவர் வந்து என்ன செய்வார், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது. உரிமையாளருக்கும் இது தெரிந்திருப்பது நல்லது. அவசரத்தில் விட்டுப்போகும் படிகள் இவைதான்.

முதலில் மயக்க ஊசி. நரம்பில் சைலசின் ஒரு கிலோ எடைக்கு 0.5 மி.கி. அளவில் தொடங்குவது வழக்கம். 300 கிலோ குதிரைக்கு 150 மி.கி. ஊசி ஏறியதும் தலை தரையை நோக்கித் தொங்கும். தலை தாழ்ந்தால் கண்ணுக்குள் அழுத்தம் கூடும் என்பதால் வைக்கோல் கட்டின் மீதோ ஓர் ஆளின் தோள் மீதோ தாடையைத் தாங்கி வைக்க வேண்டும். மூக்கை முறுக்கிப் பிடித்து அடக்கிக்கொண்டு கண்ணைத் திறக்கும் பழைய முறை ஆபத்தானது. போராடும்போதும் அழுத்தம் ஏறும்.

அடுத்தது எல்லாவற்றிலும் முக்கியமான படி, பெரும்பாலும் தவிர்க்கப்படுவதும் இதுதான்: இமையை மூட வைக்கும் நரம்பை மரக்கச் செய்வது. குதிரையின் இமைத் தசை அவ்வளவு வலுவானது. வலியில் இறுக்கி மூடிய இமையைக் கட்டைவிரலால் பிரித்தால், அந்த இறுக்கம் முழுவதும் கண் உருண்டை மேல் விழும். அரைகுறையாக நிற்கும் கருவிழி அந்த நொடியில் கிழிந்துவிடலாம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள கன்ன எலும்பு வளைவின் மிக உயரமான இடத்தில் விரல் நுனியை முன்பின் உருட்டினால் மெல்லிய நூல் போல ஒரு நரம்பு தட்டுப்படும். அங்கே தோலுக்கடியில் 25 கேஜ் அளவுள்ள மெல்லிய ஊசியால் 2 சதவீத லிக்னோகெயின் 2 மி.லி. போட்டு, சில நொடி தேய்த்துவிட்டு, 5 நிமிடம் காத்திருந்தால் மேல் இமை தளர்ந்து விழும். பிறகு இமையைத் திறக்க ஒரு விரல் போதும், அதையும் கண் உருண்டை மேல் வைக்காமல் கண்குழி எலும்பு விளிம்பில் வைக்க வேண்டும். இந்த ஊசி இமையின் அசைவைத்தான் நிறுத்தும், உணர்ச்சியை நிறுத்தாது. மேல் இமையின் உணர்ச்சியையும் போக்க, கண்ணுக்கு மேலே நெற்றி எலும்பில் தட்டுப்படும் சிறு துளையருகே இன்னும் 1 முதல் 2 மி.லி. தேவைப்படும். கருவிழியின் உணர்ச்சிக்கு 0.5 சதவீத புரோபராகெயின் சொட்டு. இந்த மரப்புச் சொட்டு பரிசோதனைக்கு மட்டும்தான். வலி குறைகிறதே என்று வாங்கி வீட்டில் தினமும் விட்டால் கருவிழியின் மேல்தோல் உரிந்து, புண் ஆறவே ஆறாது.

கண் திறந்த பின் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டும். நல்ல டார்ச் வெளிச்சத்தைக் காயம்பட்ட கண்ணில் பாய்ச்சும்போது மறு கண்ணின் பாப்பா சுருங்கினால் விழித்திரை வேலை செய்கிறது, காப்பாற்ற வேண்டிய பார்வை இருக்கிறது என்று பொருள். புண்ணில் சீழோ வெளுப்போ இருந்தால் கிருமிப் பரிசோதனைக்கான பஞ்சுக்குச்சி மாதிரியைச் சாயமும் மருந்தும் விடுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு ஃப்ளோரசின் சாயம் தோய்ந்த காகிதத் துண்டைச் சலைனில் நனைத்துக் கண்ணில் தொட்டு, அதிகச் சாயத்தைக் கழுவிவிட்டு, நீல ஒளியில் பார்ப்பார்கள். மேல்தோல் போன இடம் பளிச்சென்று பச்சையாக ஒளிரும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. புண் கருவிழியின் கனம் முழுவதையும் அரித்துக் கடைசிப் படலம் மட்டும் மிஞ்சியிருந்தால் அந்தப் படலம் சாயத்தைப் பிடிக்காது. சுற்றிலும் பச்சை வளையம், நடுவில் தெளிந்த கருப்பு வட்டம் என்று தெரியும். நடுவில் ஆறிவிட்டது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அது எந்த நேரமும் வெடிக்கக்கூடிய கண், நேராக அறுவைச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியது. பச்சைச் சாயத்தின் நடுவே மெல்லிய நீரோடை ஒன்று கீழ்நோக்கி ஓடுவது தெரிந்தால் உள்நீர் ஏற்கெனவே கசிகிறது. சாயத்தால் இன்னொரு பயனும் உண்டு. சில நிமிடங்களில் அதே பக்கத்து நாசியில் பச்சை வழிந்தால் கண்ணீர்க் குழாய் திறந்திருக்கிறது.

மூன்றாம் இமையின் பின்புறத்தைப் பார்க்காமல் பரிசோதனை முடியாது. கண்ணின் உள்மூலையில் இருந்து குறுக்கே வரும் அந்தச் சவ்வின் பின்னால்தான் ஊசிப்புல் விதையும் நெல் உமியும் போய் ஒளிந்துகொள்ளும். மரப்புச் சொட்டு விட்டு, சவ்வின் விளிம்பை முனை மழுங்கிய இடுக்கியால் மெல்ல வெளியே இழுத்து, ஈரப் பஞ்சுக்குச்சியால் பின்புறத்தைத் துழாவ வேண்டும். உள்மூலைப் பக்கமாகவே ஒரு கீறல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தால், ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் ஏதோ உரசுகிறது, அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

பொருளை எடுக்கும் முறை அது எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. மேலே ஒட்டியிருந்தால் சலைன் தாரையே தூக்கிவிடும். தாரைக்கு அசையாததை ஈரப் பஞ்சுக்குச்சியால் ஓரமாக உருட்டலாம். உமியின் குழிந்த பக்கம் கருவிழியில் கவிழ்ந்து ஒட்டிக்கொண்டால் சுலபத்தில் வராது. சில நாள் ஆனால் சுற்றிலும் ரத்தக் குழாய்கள் வளர்ந்து அதைக் கட்டி போலக் காட்டும். அதன் விளிம்புக்கடியில் 25 கேஜ் ஊசியின் நுனியைக் கருவிழிக்கு இணையாகப் படுக்கவைத்து நுழைத்து நெம்ப வேண்டும். ஊசியைச் செங்குத்தாகப் பிடித்தால் கண்ணைத்தான் குத்துவீர்கள்.

கருவிழியின் கனத்துக்குள் புதைந்த முள்ளுக்கு இடுக்கி ஒத்துவராது. இடுக்கியின் வாய் மூடும்போது வழுக்கி, முள் இன்னும் உள்ளே போய்விடும். இரண்டு நுண் ஊசிகளை முள்ளின் இரு பக்கத்திலும் அதன் நீளத்துக்குக் குறுக்கே பதித்து, வந்த வழியே பின்னோக்கி நெம்பி எடுப்பார்கள். முனை கண்ணின் உள்ளறைக்குள் போயிருக்கிறதா என்பதில் சிறு சந்தேகம் இருந்தாலும் லாயத்தில் நின்றபடி எடுக்கக் கூடாது. எடுத்த மறுகணம் உள்நீர் வெளியேறும், ஐரிஸ் பின்தொடரும், தையல் போட ஆள் இருக்காது. முழு மயக்கத்தில், நுண்ணோக்கியின் கீழ், 8-0 தடிமன் கரையும் நூலில் உடனே தைக்கத் தயாராக இருக்கும் மேஜையில்தான் அதை எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் உண்டு. புறப்படும் முன் அழைத்து, குதிரைக்கு முழு மயக்கம் கொடுத்துக் கண் அறுவை செய்ய அன்று வசதி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். வண்டியில் ஏற்றும்போது காற்று முகத்தில் அடிக்காதபடி மூடிய வண்டியாகப் பாருங்கள். திறந்த லாரியில் பறக்கும் வைக்கோலும் மணலும் நல்ல கண்ணையே கெடுத்துவிடும்.

லென்ஸ் வரை முள் போயிருந்தால் நிலைமை மோசம். லென்ஸ் உறை கிழிந்து உள்ளிருக்கும் புரதம் வெளியே வந்தால் உடலே அதைப் பகையாகக் கருதித் தாக்கும். கருவிழியின் விளிம்பைத் தாண்டி வெண்விழிக்குள் நீளும் கிழிசல்களும் அப்படித்தான். அந்தக் கண்களில் பெரும்பாலும் பார்வை மிஞ்சுவதில்லை. உள்ளே சீழ் பிடித்த, தீராமல் வலிக்கும் கண்ணை அகற்றிவிடுவதே குதிரைக்கு நல்லது. ஒற்றைக் கண்ணோடு குதிரைகள் நன்றாகவே வாழ்கின்றன. தயக்கத்தில் மாதக்கணக்கில் வலியோடு நிறுத்தி வைப்பதுதான் கொடுமை.

பொருள் வெளியே வந்ததும் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைப்பதால்தான் பல கண்கள் போகின்றன. குதிரையின் கருவிழிக்கு முள்ளைவிட அது சுமந்து வரும் பூஞ்சையே பெரிய எதிரி. வைக்கோல், உமி, புல் விதை, சீமைக்கருவேல முள் எதை எடுத்தாலும் அதன் மேல் ஆஸ்பெர்ஜில்லஸ், ஃபுசேரியம் போன்ற பூஞ்சைகள் இருக்கும். வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில் குதிரைக் கண்ணின் பூஞ்சைப் புண் சாதாரணம். இந்தப் பூஞ்சைகள் மேலே நிற்காமல் கருவிழியின் அடிப் படலத்தை நோக்கியே இறங்கும். ஆகவே செடி, மரம், புல் சார்ந்த பொருள் குத்திய புண் என்றால், மரப்புச் சொட்டு விட்டு, கத்தி அலகின் பின்பக்க மழுங்கிய முனையால் புண்ணின் விளிம்பைச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் தடவி, நுண்ணோக்கியில் பூஞ்சை இழை இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம், சாதாரண நுண்ணோக்கி போதும்.

வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தை ஏன் வேண்டாம் என்றேன் என்பதும் இங்கேதான் வருகிறது. வீடுகளில் மிச்சம் கிடக்கும் கண் சொட்டுகளில் பலவற்றில் ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். பாட்டிலின் முகப்பில் ஆன்டிபயாட்டிக் பெயர் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கும். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால் ஆகிய பெயர்களில் ஒன்று இருந்தாலும் அதைப் புண்பட்ட கண்ணில் விடக் கூடாது. முதல் நாள் சிவப்பு குறைந்து கண் திறக்கும், எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும். அதே சமயம் உடலின் எதிர்ப்பு அடங்கிப்போய்ப் பூஞ்சை தடையில்லாமல் பெருகும், கருவிழியைக் கரைக்கும் நொதிகளும் வேகம் பிடிக்கும். சில நாளில் கண் சாம்பல் நிறத்தில் கூழாகிவிடும்.

சரியான மருந்துகள் என்றால், கிருமி இல்லாத மேலோட்டக் கீறலுக்கு மாக்ஸிஃப்ளாக்சசின் 0.5 சதவீதமோ டோப்ராமைசின் 0.3 சதவீதமோ 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை. சீழ் பிடித்திருந்தால் முதல் நாளில் 1 முதல் 2 மணிக்கு ஒரு தடவை. பூஞ்சை உறுதியானாலோ, செடி சார்ந்த பொருள் குத்திய ஆழமான புண்ணாக இருந்தாலோ நாட்டமைசின் 5 சதவீதச் சொட்டு சேர வேண்டும். அது ஆழத்துக்கு இறங்காது, ஆழத்துக்கு வோரிகோனசோல் 1 சதவீதம் வேண்டும். பூஞ்சை மருந்து தொடங்கிய ஓரிரு நாளில் வலி கூடியது போலத் தெரியலாம். செத்து விழும் பூஞ்சையே கண்ணுக்குள் வீக்கத்தைக் கிளப்புகிறது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லி, இடைவெளியை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கருவிழியில் அடிபட்டால் அதோடு சேர்ந்து கண்ணின் உட்பகுதியும் வீங்கும். பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கி, அப்படியே லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். வலியின் பெரும்பகுதி இதிலிருந்துதான் வருகிறது. இதைத் தடுக்க அட்ரோபின் 1 சதவீதம், முதலில் ஒரு நாளைக்கு 3 அல்லது 4 தடவை. பாப்பா விரிந்ததும் குறைத்துவிட வேண்டும். அட்ரோபின் குடல் அசைவையும் மந்தமாக்கும், குதிரைக்குக் குடல் நின்றால் உயிருக்கே ஆபத்து. தினமும் எத்தனை தடவை லத்தி போடுகிறது என்று எண்ணுங்கள். குறைந்தாலோ, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, காலால் தரையைச் சுரண்டினாலோ அட்ரோபினை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

உள்வீக்கத்துக்கும் வலிக்கும் ஃப்ளூனிக்சின், கிலோவுக்கு 1.1 மி.கி. நரம்பு வழியே. ஒரு மி.லி.யில் 50 மி.கி. உள்ள மருந்தானால் 300 கிலோ குதிரைக்கு 6.6 மி.லி. தசையில் போடக் கூடாது, அந்த இடம் அழுகிப்போகும் கொடிய தொற்று வரக்கூடும். தண்ணீர் நன்றாகக் குடிக்காத குதிரைக்குச் சிறுநீரகமும், நீண்ட நாள் கொடுத்தால் இரைப்பையும் பாதிக்கும், ஆகவே சில நாளில் அளவைக் குறைக்க வேண்டும். மெலாக்சிகாம், கிலோவுக்கு 0.6 மி.கி. தினம் ஒரு தடவை, இன்னொரு நல்ல வழி. டைக்லோஃபெனாக் 2006 முதல் இந்தியாவில் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டது. அந்த மருந்து ஏறிய உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்ததால் வந்த தடை அது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் கழுகுகளை நினைத்தாவது நீலகிரி, சத்தியமங்கலம் பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் கழுகுகளுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகாமை முதலில் கேட்கலாம். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்று நினைவில்லை என்றால் இன்றே போட்டுவிடுங்கள். வேறெந்த வளர்ப்புப் பிராணியையும்விடக் குதிரைக்கு டெட்டனஸ் எளிதில் வரும்.

கருவிழி கூழாகத் தொடங்கினால் கைவசம் உள்ள மலிவான, நல்ல மருந்து குதிரையின் சொந்த ரத்தத்தின் சீரம். எதுவும் கலக்காத குழாயில் ரத்தம் எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் உறையவிட்டு, சுழற்றிப் பிரித்து, தெளிந்த மஞ்சள் நீரைச் சுத்தமான சிரிஞ்சில் உறிஞ்சிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். கருவிழியைக் கரைக்கும் நொதிகளை அது முடக்கும். மணிக்கு ஒரு தடவை விட வேண்டியிருக்கும். சீரம் கிருமிக்கும் நல்ல தீனி என்பதால் ஒரு வாரத்துக்கு மேல் பழசை வைத்திருக்கக் கூடாது. கலங்கினால் அன்றே கொட்டிவிட வேண்டும்.

இத்தனை தடவை மருந்து விடுவது எப்படி என்பதுதான் நடைமுறையில் பெரிய பாடு. மூன்றாம் நாள் குதிரை ஆளைக் கண்டாலே தலையைத் தூக்கிவிடும். ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல் மருந்து தேவைப்பட்டால் இமை வழியாகக் குழாய் பொருத்தச் சொல்லிக் கேளுங்கள். மெல்லிய சிலிக்கோன் குழாயின் ஒரு முனையில் உள்ள சிறு தட்டு இமையின் உள்மடிப்பில் அமர்ந்திருக்கும். மறு முனையை நெற்றி மயிரிலும் பிடரியிலும் பின்னிக் கழுத்து முடியும் இடம் வரை கொண்டுவந்து கட்டிவிடுவார்கள். 0.1 முதல் 0.2 மி.லி. மருந்தை ஏற்றி, பின்னாலேயே 1 முதல் 2 மி.லி. காற்றை மெதுவாகத் தள்ளினால் மருந்து கண்ணுக்குப் போய்ச் சேரும். காற்றை வேகமாகத் தள்ளினால் கண்ணில் குத்துவது போல இருக்கும், அதன் பிறகு குதிரை குழாயைத் தொடவே விடாது. ஒரு மருந்துக்கும் அடுத்ததுக்கும் 5 நிமிடம் விட வேண்டும். நாட்டமைசின் பால் போன்ற கலவை, குழாயை அடைத்துக்கொள்ளக் கூடும், நன்றாகக் குலுக்கிவிட்டு ஏற்ற வேண்டும். கண் திடீரென்று மறுபடி வலித்தால் முதலில் அந்தத் தட்டு இருக்கும் இடத்தைப் பாருங்கள். நகர்ந்து கருவிழியை உரசினால் புதுப் புண்ணே உண்டாகும்.

குழாய் இல்லாமல் கையால் விடுவதானால் பாட்டிலைக் கண்ணுக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சில் மருந்தை எடுத்து, பக்கவாட்டிலிருந்து, தலையில் ஊன்றிய கையோடு மெல்ல விடுங்கள். தலை அசைந்தால் உங்கள் கையும் கூடவே அசையும். களிம்பு என்றால் அரிசி மணி அளவு, கீழ் இமையின் உள்ளே. கருவிழி துளைபட்டிருக்கும் கண்ணில் களிம்பே கூடாது, அதன் எண்ணெய் உள்ளே போனால் கடும் வீக்கம் வரும்.

மேலோட்டக் கீறல் ஒரு வாரத்துக்குள் மூடிவிட வேண்டும். முதல் சில நாளில் 24 முதல் 48 மணிக்கு ஒரு தடவை சாயம் விட்டுப் பார்த்து, பச்சை சுருங்குகிறதா என்று ஒப்பிட வேண்டும். கைபேசியில் ஒரே கோணத்தில் எடுத்த படங்கள் நினைவைவிட நம்பகமானவை. ஒரு வாரம் தாண்டியும் மூடவில்லை என்றால் மருந்தை மாற்றுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும்: மூன்றாம் இமைக்குப் பின்னால் மிச்சத் துணுக்கு, பூஞ்சை, தேய்த்துக்கொள்ளும் பழக்கம், உள்நோக்கி மடங்கிய இமை.

சாயம் பிடிக்கவில்லை, மூடிவிட்டது என்ற பின்னும் 2, 3 வாரம் கவனம் வேண்டும். மேல்தோல் மூடும்போது அடியில் பூஞ்சையோ பாக்டீரியாவோ சிறைப்பட்டுவிட்டால் கருவிழிக்குள் மஞ்சள் கலந்த வெள்ளைப் பொட்டாகச் சீழ்க்கட்டி உருவாகும். மேல்தோல் முழுசாக இருப்பதால் சாயம் எதையும் காட்டாது. சொட்டு மருந்தும் சரியாக இறங்காது. பொட்டு சிறியது, வலியோ கடுமையானது. கருவிழிக்குள்ளேயே வோரிகோனசோல் ஊசி போடுவதோ, கெட்ட பகுதியை வெட்டி ஒட்டறுவை செய்வதோ தேவைப்படலாம். ஆறிய கண் மறுபடி மூடிக்கொண்டால், பழைய மருந்து மிச்சம் இருக்கிறதே என்று விட்டுப் பார்க்காமல் அன்றே காட்டுங்கள்.

அட்ரோபின் விட்ட கண்ணில் பாப்பா விரிந்தே இருக்கும். மருந்தை நிறுத்திய பின்னும் வாரக்கணக்கில் அப்படி இருப்பதுண்டு. அது வரை பகல் வெயிலில் முகமூடி போட்டுத்தான் வெளியே விட வேண்டும், சவாரியும் வண்டி வேலையும் வேண்டாம். கண் கூசும் குதிரை அந்தப் பக்கத்திலிருந்து வரும் எதற்கும் மிரளும். காயம்பட்ட பக்கம் நெருங்கும்போது முதலில் குரல் கொடுத்துவிட்டு, தோளைத் தொட்டு, பிறகு முகத்துக்குப் போங்கள். அதற்குள் மேய்ச்சல் வேலியோரம் குதிரையின் முக உயரத்தில் நீட்டியிருக்கும் சீமைக்கருவேலக் கிளைகளை வெட்டி அப்புறப்படுத்திவிடுங்கள்.